நூற்றுப் பதினான்கு முதல் நூற்றுப் பத்தொன்பது வரை

இன்று வந்திருப்பவர்கள் ஏழு பேர். மேசையின் தலைப்பக்கம் இயக்குநர் சிமோன். அவளுக்கு வலப்புறம், எங்கள் நாடக மன்றத்தில் இருக்கும் ஒரே கைப்பிடி நாற்காலியில், இந்தப் பிரெஞ்சு நாடகத்தைத் தமிழாக்கிய தம்புசாமி வாத்தியார், வயது எண்பத்தெட்டு. அவரை அடுத்து நொத்தேராக நடிக்கும் கலியமூர்த்தி. நொத்தேர் என்றால் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறவர், புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு நொத்தேரின் மகளாக நடிக்கும் ரெஜினா, அவளைக் கட்டிக்கொள்ள வரும் கிழட்டு மாப்பிள்ளையாக சபாபதி. எதிர்வரிசையில் டெனிஸ், இருபத்தாறு வயது, ஆடி மாதம் சேர்ந்தவன், இன்னும் வேடம் எதுவும் தரப்படவில்லை. கடைசியில் கதவோரம் சிவக்கொழுந்தாகிய நான், வேலைக்காரன் பெருமாள். வராதவர் ஒருவர், காதலனாக நடிக்கும் முருகையன். அக்கா மகளுக்கு வளைகாப்பு. அவன் வசனங்களை டெனிஸ் படிக்கிறான். மூன்று மணிக்கு வாசிப்பு தொடங்கியது. ஆறு மணிக்கு யோகா வகுப்புக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு படியேறி வந்துவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும்.

ஆள் கணக்கில் சேராத ஒன்று சிமோனின் இடது கையடியில் இருக்கிறது. சிவப்புக் காலிகோத் துணி முதுகு, பழுப்பு அட்டை. எனக்குத் தெரியாமல் போகுமா. முதுகில் ஐந்து தையல், நடுத்தையல் மட்டும் ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும், அன்றைக்கு என் கட்டைவிரலில் நகச்சுற்று. நான் கட்டிய புத்தகம். பிரெஞ்சு மூலம். வாத்தியார் அதை எப்போதோ நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார், அதோடு தொலைந்தது என்று நினைத்திருந்தேன், சிமோன் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். நாங்கள் தமிழைப் படிக்கிறோம், அவள் பிரெஞ்சில் விரலை நகர்த்திக்கொண்டே கூட வருகிறாள், வலது கையில் பென்சில். அந்தப் பென்சிலைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பயப்படுகிறார்கள். இரண்டரை மணி நேர நாடகத்தை ஒன்றே முக்கால் ஆக்கவேண்டும் என்று போன ஞாயிறே சொல்லிவிட்டாள், இதுவரை முப்பத்தொரு வரி போயிருக்கிறது, சபாபதிக்குப் பன்னிரண்டு. என் ஏழு வசனத்தில் பென்சில் இன்னும் இறங்கவில்லை. ஆனால் நான் பார்ப்பது பென்சிலை இல்லை, விரலை. விரல் இப்போது எண்பத்தெட்டாம் பக்கத்தில். எட்டு, எட்டு, என் இடத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தாலும் எட்டு எட்டுதான். இன்னும் இருபத்தைந்து பக்கம் போனால் நூற்றுப் பதிமூன்று. நூற்றுப் பதிமூன்றைத் திருப்பினால் நூற்றுப் பதினான்கு. அங்கிருந்து ஆறு பக்கம். அந்த ஆறு பக்கம் தமிழில் இல்லை. தமிழில் இந்த நாடகம் பிறந்த நாளிலிருந்து இல்லை. இந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன், எனக்கோ பிரெஞ்சு தெரியாது. மூன்றாம் வேகத்தில் சுற்றும் மின்விசிறி கடகடக்கிறது, கீழே ஊதுவத்தி உருட்டுகிற கூடத்திலிருந்து மரிக்கொழுந்து வாசனை படியேறி வந்து தொண்டையில் உட்காருகிறது. தண்ணீர் பாட்டில் டெனிஸ் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால் தருவான். கேட்டால் எல்லோரும் ஒரு முறை என் பக்கம் திரும்புவார்கள். வேண்டாம்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்கள் ஓரம் வெட்டாமல் வரும். அச்சடித்த பெரிய தாளை மடித்து மடித்துத் தைத்து அப்படியே விற்றுவிடுவார்கள், வாங்குகிறவர் கத்தியை வைத்து மடிப்பு மடிப்பாகக் கிழித்துக்கொண்டே படிக்கவேண்டும். வாத்தியார் இருபத்தாறு வயதில், அறுபத்தொன்றில், ஊருக்குத் திரும்பிப் போன பிரெஞ்சுத் தலைமையாசிரியர் ஒருவர் தந்த இந்தப் புத்தகத்தை அரிவாள்மணையில் கிழித்துக் கிழித்துப் படித்ததாக அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கிழித்தார். ஒரு மடிப்பை விட்டுவிட்டார். நான்கு தாள் சேர்ந்து ஒரு பை மாதிரி ஒட்டியிருந்தது, வெளியே நூற்றுப் பதிமூன்று, மறுபுறம் நூற்றிருபது, உள்ளே ஆறு பக்கம் வெளிச்சமே படாமல். கை வேகத்தில் அது ஒரு தடித்த தாள், அவ்வளவுதான். நூற்றுப் பதிமூன்றில் ஒரு காட்சி முடிகிறது, நூற்றிருபதில் ஒரு காட்சி தொடங்குகிறது, இடையில் ஒன்று இருந்ததென்று யாருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்காது, என் வேலை அதுவாக இல்லாவிட்டால். தொண்ணூற்று நாலில் வாத்தியார் அதை நான் வேலை பார்த்த அச்சகத்துக்குக் கொண்டுவந்து, அட்டை போய்விட்டது, புதிதாகக் கட்டிக் கொடு சிவக்கொழுந்து என்றார். பைண்டர் முதலில் தாளை எண்ணுவான். எண்ணினேன். பிறகு ஓரம் வெட்டினேன். வெட்டியதும் ஒரு மடிப்பு மட்டும் புதுக் கல்யாண வேட்டி மாதிரி வெள்ளையாக விரிந்தது. மற்ற பக்கமெல்லாம் பழுத்திருந்தது, அந்த ஆறு மட்டும் வெள்ளை. அப்போதே ஓடிப்போய்க் காட்டியிருக்கலாம். வாத்தியாரே, பாருங்க. ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப இருந்தது. அந்தப் பெயரின் வடிவம் எனக்குத் தெரியும், வேடம் கொடுத்த அன்று வாத்தியார் தொட்டுக் காட்டியிருந்தார், இது ஃபிர்மேன், இதைத்தான் நான் பெருமாள் ஆக்கினேன், இது நீ. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தாறு. இரண்டாம் தடவையும் நாற்பத்தாறு. ஆறு பக்கத்தில் எனக்கு நாற்பத்தாறு வசனம்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும் அல்லவா, ஒரு நடிகனுக்கு. எனக்கு வரவில்லை. ஏழு வசனம் என்பதால்தான் எனக்குக் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பு, கூச்சம், நாலு பேர் பார்த்தால் காது சிவந்துவிடும், தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க நல்ல முதுகு இருக்கிறது என்று கொடுத்தார்கள். நாற்பத்தாறு வசனம் உள்ள வேடத்தை பைண்டருக்கா கொடுப்பார்கள். அப்போது மன்றத்தில் நல்ல நடிகர்கள் ஒன்பது பேர். யாராவது ஒருவர் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதனால் மூடிக் கட்டினேன். வாத்தியாருக்குத் தெரிந்தால் மனம் நொந்துபோவார் என்று சொல்லிக்கொண்டேன், அதுவும் நிஜம்தான், ஆனால் அது இரண்டாவதாக வந்த காரணம். முதலில் வந்த காரணம் முதலில்தான் நிற்கும், எத்தனை தரம் அடுக்கி மாற்றினாலும். வீட்டிலோ அச்சகத்திலோ தெருவிலோ என்னை யாரும் எதிர்பார்த்து உட்கார்ந்ததில்லை. மூன்றாம் அங்கத்தில் மட்டும் முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னை எதிர்பார்க்கிறார்கள். கடிதம் காணவில்லை. கிழட்டு மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்பதற்கு அந்தக் கடிதம் ஒன்றுதான் சாட்சி. வீடே தலைகீழாகிறது, நொத்தேர் மகளின் பெட்டியைக் கொட்டுகிறார், மகள் அழுகிறாள். பெருமாள் தட்டோடு வருகிறான், தட்டில் கடிதம். "இதைத்தானே தேடுறீங்க?" கைத்தட்டல். அது அவனிடம் எப்படி வந்தது என்று நாடகத்தில் எங்கேயும் இல்லை. இல்லாததுதான் அழகு என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லோருமே சொல்லிவிட்டார்கள், அதுதான் பயம். வாத்தியார் முன்னுரையில் எழுதியிருப்பதை நான் எழுத்துக்கூட்டியே மனப்பாடம் செய்தேன்: பாரிசில் முதல் ஓட்டம் இருநூற்றுப் பதினான்கு இரவுகள். புதுச்சேரிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் வந்தது, அதிகாரிகளின் கிளப்பில், பிரெஞ்சிலேயே. தட்டுத் தூக்கும் வேடத்தை எந்தத் துரையும் ஏற்காததால் கோர்ட்டில் எழுத்தராக இருந்த ஒரு தமிழருக்குப் போனது. அவர் நாற்பத்தாறையும் பேசியிருப்பார். அவரோடு அது போயிற்று. பிறகு வாத்தியாரின் தமிழ், அறுபத்தொன்று, பெருமாளுக்குப் பதினொரு வசனம், என் கைக்கு வருவதற்குள் நான்கு வெட்டுப்பட்டு ஏழு. சென்னை சபாக்காரர்கள் அறுபத்தெட்டில் எடுத்து நொத்தேரை ரிஜிஸ்திரார் ஆக்கினார்கள், வேலைக்காரனைச் சமையல்காரன் ஆக்கி ரசத்தைப் பற்றி ஜோக் சேர்த்தார்கள், பத்தொன்பது வசனம். வானொலியில் முக்கால் மணி நேரம், அங்கே வேலைக்காரன் மூன்று வசனமும் ஒரு இருமலும். காரைக்காலில் பாட்டுச் சேர்த்து நடத்தினார்கள். பெண்கள் பள்ளி ஒன்றில் மீசை வரைந்துகொண்டு நடித்தார்கள், நான் போய்ப் பார்த்தேன், அந்தப் பெண்ணுக்கு ஐந்து வசனம், நன்றாகவே நின்றாள். கடைசியில் தொண்ணூற்றொன்பதில் பாரிசுக்குப் பக்கத்தில் ஈழத்து ஆட்கள் ஒரு மண்டபத்தில் நடத்தி ஒளிநாடா அனுப்பினார்கள், வேலைக்காரன் அங்கே பலசரக்குக் கடைச் சிப்பந்தி, கடிதம் மிளகாய்த்தூள் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. பாரிசில் பிறந்த நாடகம் தமிழில் பாரிசுக்கே போய்ச் சேர்ந்தபோதும் அந்த ஓட்டை அப்படியே கூடப் போயிற்று. எல்லா வேலைக்காரர்களும் எங்கிருந்தோ கடிதத்தோடு வந்தார்கள், எல்லா ஊரிலும் கை தட்டினார்கள். ஒரு பத்திரிகையில் விமர்சகர் ஒருவர், எல்லாம் அறிந்தவனின் மௌனம் என்று நான்கு பக்கம் எழுதினார், உழைக்கிறவன் எப்போதும் எஜமானனைவிட அதிகம் அறிந்தவன் என்று. அதைப் படித்த பிறகு நான் மேடையில் முகவாயை இரண்டு விரல்கடை உயர்த்திக்கொண்டேன். அதற்குப் பிறகு, நான் நோட்டில் குறித்து வைத்த கணக்கில், நூற்று அறுபத்து மூன்று காட்சி. ஒரு மடிப்பைக் கத்தி தொடாததால் இத்தனை.

"கொழுந்தையா," என்கிறாள் சிமோன். காது சூடாகிறது. எல்லோரும் திரும்புகிறார்கள். "ரெண்டாம் அங்கத்து முடிவுல, வண்டி வந்துடுச்சுங்கன்னு சொல்றீங்க இல்ல, அந்த வண்டிச் சத்தத்தையே போட்டுடலாம். அதை எடுத்துடறேன், பரவாயில்லையா?" பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன். ஆறு. கலியமூர்த்தி விடுவானா. "போச்சு, அண்ணன் சொத்துல ஏழுல ஒரு பங்கு போச்சு. பாத்தும்மா, அவர் நோட்டுல எழுதி வெச்சு கேஸ் போட்டாலும் போடுவார்." ரெஜினா சிரித்தாள். "நீங்க மொதல்ல உங்க வசனத்தை ஒழுங்கா படிங்க நொத்தேரே, போன பக்கத்துல என் பேரையே மாத்திட்டீங்க." "மக பேரு எந்த அப்பனுக்கு ஞாபகம் இருந்துது?" என்றான் கலியமூர்த்தி. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். விரல் தொண்ணூற்றெட்டு. பத்து நிமிடம் தேநீருக்கு விட்டார்கள், யாரோ என் முன்னால் ஒரு தம்ளரை வைத்தார்கள், குடித்தேனா, தம்ளர் காலியாக இருக்கிறது. அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போன் பேசப் போனாள். கவிழ்த்து வைத்த புத்தகம் என் கைக்கு நான்கு நாற்காலி தூரம். எழுந்து போய் அந்த மூன்று தாளை, ஆறு பக்கம் என்றால் உள்ளபடி மூன்று தாள் அல்ல, நான்கு, நான்கையும் கிழித்தால் நூற்றுப் பதிமூன்றும் நூற்றிருபதும் கூடப் போய்விடும், கணக்கு இடிக்கும். கிழிப்பதா. நான் கட்டியதை நானா. எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு நினைப்பு. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். வாத்தியார் கண்ணைத் திறக்காமலே, "மூணாம் அங்கந்தான் நெஜமான நாடகம். அங்க ஒண்ணும் தொடாதே பாப்பா" என்றார், அவள் அறையில் இல்லை என்று தெரியாமல்.

மூன்றாம் அங்கம். நூற்றொன்று. நான்கு நாற்பது. டெனிஸ் காதலனைப் படிக்கிறான், நன்றாகப் படிக்கிறான், மூச்சை எங்கே விடவேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது அவனுக்கு. நூற்றைந்து. சபாபதி ஒரு வரியை இரண்டு முறை படித்தார். நல்லது, இன்னும் இரண்டு முறை படிக்கட்டும். நூற்றொன்பது. அவள் இடது பெருவிரல் பக்கங்களைக் கொஞ்சம் முன்னாலேயே தூக்கி வைத்துக்கொள்கிறது, அந்த வெள்ளை ஓரம் இங்கிருந்தே தெரிகிறது, இருபத்தொன்பது வருஷத்தில் அதுவும் கொஞ்சம் பழுத்துத்தான் இருக்கிறது, ஆனாலும் அக்கம்பக்கத்துக்கு வெள்ளை. நூற்றுப் பதினொன்று. இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். ஈரக்கையாக இருந்தால் திரும்பிவிடும். அவள் தேநீர் குடித்த கை. நூற்றுப் பதிமூன்று. ரெஜினா அழுதுகொண்டு உள்ளே போகிறாள், காட்சி முடிகிறது. கலியமூர்த்தி அடுத்த காட்சியை எடுத்துவிட்டான், "எங்கே அந்தக் கடிதம், எங்கே!" நான் ஆயத்தமாகவேண்டும், இன்னும் ஆறு வரியில் என் நுழைவு. "இருங்க இருங்க," என்றாள் சிமோன்.

ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொன்று. முன்னால் போனாள், பின்னால் வந்தாள். தமிழ்ப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். "வாத்தியாரய்யா, இங்க ஒரு காட்சி இருக்கே. அஞ்சாம் காட்சி. வேலைக்காரனும் பொண்ணும். ஆறு பக்கம். இதை நீங்க வேணும்னு விட்டீங்களா?" வாத்தியார் சிரித்தார். "அஞ்சாம் காட்சின்னு ஒண்ணு கெடையாது பாப்பா. நாலுக்கு அப்புறம் ஆறு. அச்சுப்பிழை. முன்னுரையில அடிக்குறிப்பு போட்டிருக்கேன், மூலத்தில் எண் தவறியுள்ளது, திருத்தியுள்ளேன்னு." அவள் எழுந்து புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். அவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்க நேரமாயிற்று. கண்ணாடி நூற்றுப் பதினான்கில் நின்றது. நகரவில்லை. விசிறி கடகடக்கிறது. "வாத்தியாரு முழுங்கிட்டாரு!" என்று கலியமூர்த்தி கையைத் தட்டினான். "அறுவது வருஷமா ஆறு பக்கத்தை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடலை பாரு." யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவனும் நிறுத்தினான். சிமோன் புத்தகத்தின் மேல் குனிந்து, பிரெஞ்சிலிருந்து அப்படியே தமிழில் சொல்லத் தொடங்கினாள், தேடித் தேடி, தடுக்கித் தடுக்கி. நான் கட்டி மூடி வைத்தது என்னவென்று முதல் தடவையாகக் கேட்டேன்.

வேலைக்காரன் மகளிடம் சொல்கிறான். தபால்காரர் பதினோரு நாள் முன்னால் இதைக் கொடுத்தார் அம்மா. நான் தொப்பிக்குள் வைத்திருக்கிறேன். எதற்கு என்கிறாள் மகள். எனக்குப் படிக்கத் தெரியாது. ஐயா வேறு ஆள் வேண்டுமென்று எங்கோ எழுதியிருந்தார், அதற்குப் பதில்தான் வந்திருக்கிறது, என்னை நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். தினமும் தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். எழுத்தெல்லாம் என்னையே பார்க்கும். என் பெயர் எது என்று தேடுவேன். யாரிடமாவது காட்டினால் படித்துவிடுவார்கள், படித்துவிட்டால் நான் போகவேண்டும். நீங்கள் அழுவது இதனால்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. சிமோன் சொல்லிக்கொண்டே போனாள், நடுவில் ஒரு வார்த்தை அகப்படாமல் நின்றாள், பிறகு, "பயந்தேன். பயம்தான் அம்மா, வேறொன்றும் இல்லை" என்றாள்.  தொண்ணூற்று நாலில் நான் விரல் வைத்து எண்ணிய எழுத்து இதுவா. இதைச் சொல்கிறவனைத்தானா நான் எல்லாம் அறிந்தவனாக ஆக்கினேன். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், வேலை போனாலும் போகட்டும் என்றுதான் தட்டில் வைத்து எடுத்து வருகிறான். நூற்று அறுபத்து மூன்று முறை முகவாயை உயர்த்திக்கொண்டு நுழைந்திருக்கிறேன். குனிந்துகொண்டு நுழைய வேண்டியவன். தட்டு நடுங்கவேண்டும். ஒருமுறைகூட நடுங்கவில்லையே, அதற்குத்தான் என்னைப் பாராட்டினார்கள்.

வாத்தியார் கண்ணாடியை மடக்கவில்லை. "இதை நான் படிச்சதே இல்லையே," என்றார். யாரிடமும் இல்லை. "படிச்சிருந்தா விடுவேனா. விட்டுட்டு மறந்துட்டேனா? இருபத்தாறு வயசு எனக்கு. அப்பவே எனக்குப் புத்தி..." அவர் கை புத்தகத்தின் மேல் தடவுகிறது, பார்வையற்றவர் தடவுவது போல. சபாபதி, "வயசாயிடுச்சு, விடுங்க வாத்தியாரே, யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றார், ஆறுதலாகத்தான். வாத்தியார் அவரைப் பார்த்த பார்வை. மறதியில்லை அது. மறதியென்று இவர் செத்துப்போகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார், இன்றைக்கு வீட்டுக்குப் போய் எத்தனை விஷயத்தைத் தடவிப் பார்ப்பாரோ, மனைவி பெயர், படித்த பாடம், எல்லாவற்றிலும் ஆறு ஆறு பக்கம் குறைகிறதா என்று. நான் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. நான் சொல்லாமல் இருந்தால் வேலை போகாது. இல்லை, அதுவும் இனி இல்லை, பக்கம்தான் திறந்துவிட்டதே, நாற்பத்தாறு வெளியே வந்துவிட்டது, டெனிஸ் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் சொல்லி எனக்கு என்ன. சொல்லாமல் எனக்கு என்ன.  ஏதோ நாற்காலி தரையில் உரசிய சத்தம், பார்த்தால் நான் நின்றுகொண்டிருக்கிறேன். "அது ஒட்டியிருந்துச்சுங்க," என்றேன். என் குரல் மேடைக்குரலாக வந்துவிட்டது, தேவைக்கு மேல் பலமாக. "மடிப்பு வெட்டலை. நீங்க பார்த்திருக்க முடியாதுங்க வாத்தியாரே. தொண்ணூத்து நாலுல கட்டறப்ப நான்தான் வெட்டுனேன். எனக்குத் தெரியும். ஃபிர்மேன் பேரு நாப்பத்தாறு தரம் இருக்கு. எண்ணினேன். சொல்லலைங்க. வேஷம் போயிடும்னு சொல்லலைங்க."

இவ்வளவு நீளமாக நான் இந்த அறையில் பேசியதில்லை.  ரெஜினா மேசையைப் பார்த்தாள். வாத்தியார் நான்கு தாளையும் ஒன்றாகப் பிடித்துக் கட்டைவிரலால் தடிமன் பார்த்தார், விட்டார், மறுபடி பிடித்தார். அன்று ஒரே தடித்த தாளாகக் கையில் பட்டது அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது, வந்ததும் கோபமும் வந்தது. "கிட்ட வாடா," என்றார். முப்பத்தேழு வருஷத்தில் என்னை அவர் டா போட்டதில்லை. போனேன். "எண்ணினே." "ஆமாங்க." "சொல்லலை." "இல்லைங்க." "அந்தப் பிரெஞ்சுக்காரன் சரியாத்தான் எண் போட்டிருக்கான். எண்ணத் தெரியாத நான் அவனைத் திருத்தினேன். எண்ணத் தெரிஞ்ச நீ வாயை மூடிக்கிட்டே." மூச்சு வாங்கினார். "அறுவத்தொண்ணுலேருந்து தொண்ணூத்து நாலு வரைக்கும் என் தப்பு. முப்பத்து மூணு வருஷம். அதுக்கப்புறம் இருபத்தொம்பதும் உன் தப்பு. என் கணக்குல அதைச் சேக்காதே." சேர்க்கமாட்டேன் என்று தலையாட்டினேன். மணி ஐந்து இருபது.

சிமோன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "இந்தக் காட்சி வேணும்," என்றாள். "வேற எதை வேணா எடுக்கலாம், இதை எடுக்க முடியாது. அரங்கேற்றத்துக்கு முப்பத்தொரு நாள் இருக்கு. வாத்தியாரய்யா எழுதித் தரணும். யார் பண்றதுன்னு..." நிறுத்தினாள். என் பெயரைச் சொல்லாமலிருக்க அவள் பட்ட பாடு தெரிந்தது. கலியமூர்த்தி, "அதான் டெனிஸ் இருக்கானே," என்றான், கெட்ட எண்ணம் இல்லாமல், மழைக்குக் குடை இருக்கிறதே என்பது போல. அவள் டெனிஸிடம் தான் சொன்னதில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னாள். அவன் எட்டு வசனம் சொன்னான், ஒன்றுகூடத் தவறவில்லை, "எழுத்தெல்லாம் என்னையே பார்க்கும்" என்ற இடத்தில் ரெஜினா நிமிர்ந்தாள். அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்குப் பொறாமை வரவில்லை, அதைவிட மோசமான ஒன்று, ஒப்புக்கொள்கிற மனம் வந்தது, எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போல. சிமோன் யோசித்தாள். "அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் பார்க்காம சொல்லுங்க. தடுக்காம சொல்றவங்களுக்கு வேஷம். கொழுந்தையா, வருத்தப்படாதீங்க, எனக்கு வேற வழி தெரியலை." "நியாயந்தாங்க," என்றேன்.

டெனிஸுக்கு வேகமாகப் படிக்கத் தெரியும், பிரெஞ்சும் கொஞ்சம் தெரியும், அவனுக்குப் போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும், எடுத்துக்கொண்டான். எனக்கு அப்படி ஏறாது. மன்றத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, என்னைப் போன்றவர்களுக்காக வாத்தியாரே வைத்தது: அவர் ஒரு வசனம் சொல்வார், நாம் மூன்று தரம் திருப்பிச் சொல்லவேண்டும், மூன்றும் சரியாக வந்தால்தான் அடுத்தது. அப்படித்தான் ஏழும் எனக்கு வந்தது. இப்போது எப்படிக் கேட்பது, இந்த மனிதரிடம், இந்த மாலையில். கேட்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொல்லாததால். அவர் பூதக்கண்ணாடியை நூற்றுப் பதினான்கின் முதல் வரியில் வைத்தார், உதடு பிரெஞ்சில் அசைந்தது, பிறகு தமிழ் தேடினார். என்னைப் பார்க்காமலே, கடுகடுவென்று, "தபால்காரர் இதை என் கையில்தான் கொடுத்தார், அம்மா" என்றார். யாருக்குச் சொன்னார் என்று ஒரு கணம் தெரியவில்லை. தபால்காரர் இதை என் கையில்தான் கொடுத்தார் அம்மா, என்றேன். "அம்மாவுக்கு முன்னால நிறுத்து." நிறுத்திச் சொன்னேன். மூன்றாவது தரம் அவர் தலை லேசாக அசைந்தது. இரண்டாவது வசனம். மகள் பேச வேண்டிய இடத்தில் ரெஜினா தானாகவே, சிமோன் சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு, "எதற்கு?" என்றாள். எனக்குப் படிக்கத் தெரியாது, என்றேன், அதற்கு மட்டும் மூன்று தரம் தேவைப்படவில்லை, வாத்தியாரே அடுத்ததற்குப் போய்விட்டார். சபாபதி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கலியமூர்த்தி கிளம்பவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்பதாவது வசனத்தில் தடுக்கினேன், பன்னிரண்டில் தடுக்கினேன், அவர் ஒவ்வொரு தடவையும் "மறுபடி" என்றார், கோபம் குறையாமல், குரலும் குறையாமல். பதினேழில் முகவாய் தானாக உயர்ந்தது, பழக்கம், அவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, "தலையை இறக்கு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். இறக்கினேன். இறக்கியதும் வார்த்தை வேறு இடத்திலிருந்து வந்தது. பதினெட்டு. யோகா வகுப்புக்காரர்கள் படியில் பேசிக்கொண்டு வருகிறார்கள், முதல் பாய் கதவருகே விரிகிறது, சிமோன் அவர்களிடம் இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறாள். "பயந்தேன்," என்றார் வாத்தியார், அந்த வார்த்தைக்கு மேல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "பயம்தான் அம்மா, வேறொன்றும் இல்லை." சொன்னேன். சொன்னேன். மூன்றாவது தரமும் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடினார். நாற்பத்தாறில் பத்தொன்பது ஆயிற்று. மீதி இருபத்தேழு.